பிளே இல்லாத ஸ்டியரிங்

அத்தானின் காரில் ஸ்டியரிங்கை மூன்று விரல் தூரம் திருப்பும் வரை முன் சில்லுகளுக்குச் செய்தியே போகாது. மெக்கானிக்குகள் நாங்கள் இதைப் பிளே என்போம். பழைய அமெரிக்கக் கார்களில் கொஞ்சம் பிளே இருக்கத்தான் செய்யும், ஆனால் இதில் இருந்த அளவை நான் வேறெந்த வண்டியிலும் கண்டதில்லை. நேராகப் போவதற்கே இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். வளைவில் திரும்புவதென்றால் முன்கூட்டியே விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்பினால் அம்மியை இழுப்பது போல முழு உடம்பையும் கொடுத்தாக வேண்டும்.

இரண்டு கதவு, நீண்ட மூக்கு, வி-எட்டு எஞ்சின், கடும் நீலம். என்னைவிட ஒரு வயது மூத்த கார். கிழக்கு இலண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் அக்கா வீட்டுக்குப் பின்னால், ஒடுங்கிய ஒழுங்கையைப் பார்த்தபடி இருக்கும் கராஜுக்குள் அது நின்றது. அந்த ஊர் கராஜ்கள் சின்னக் கார்களுக்குக் கட்டியவை. இதை உள்ளே விட்டால் இரு பக்கமும் கதவு அரைவாசிதான் திறக்கும். வயிற்றை எக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். எனக்கு வயிறு கொஞ்சம் இருப்பதால் ஒவ்வொரு முறையும் அத்தான் சிரிப்பார்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். என்னை இலண்டனுக்கு எடுத்தவர். குரோய்டனில் அகதிக் கேஸ் பார்க்கும் அந்தப் பெரிய கட்டடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். ஆறு வருடம் என் கேஸ் இழுபட்டது. கடிதம் வரும்போதெல்லாம் ஷிப்டை மாற்றிப் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்கில் தேநீரும் பாணுக்குள் வைத்த சீனிச்சம்பலுமாக வந்து, வரிசையில் எனக்குப் பக்கத்தில் நிற்பார். உள்ளே நான் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் நின்று பழைய கார்களைப் பற்றிய சஞ்சிகை வாசிப்பார். எனக்கு விசா கிடைத்த அன்றும் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

இத்தனையையும் அந்த மனிதர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். ஒரு கல்யாண வீட்டிலோ செத்த வீட்டிலோ வைத்து நாலு பேருக்கு முன்னால் 'உன்னை எடுத்து விட்டது நானெல்லோ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எங்கள் சனத்தின் வழக்கப்படி சண்டை பிடித்துக் கதை பேச்சை விட்டு, நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். எனக்குக் கோபம் வருவதற்கு அதிகம் தேவையில்லை. அத்தான் எனக்கு அந்த வசதியைத் தரவே இல்லை.

அவர் இருபத்தாறு வருடம் பெட்ரோல் ஷெட்டில் காசாளராக இருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரார் கார்களைப் பார்த்தபடி. ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார மனிதர் இதே மாதிரி ஒரு நீலக் காரில் வந்து பெட்ரோல் அடித்துவிட்டுப் போனாராம். அந்த எஞ்சின் சத்தத்துக்குக் கண்ணாடி அதிர்ந்ததாம். ஓய்வு பெற்ற வருடம் எசெக்ஸ் பக்கம் ஒரு பண்ணையில் கிடந்த இந்தக் காரைத் தேடிப் பிடித்து வாங்கினார். அக்கா ஒரு மாதம் அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டுக் கதைக்காமல் போனார்.

கார் வீட்டுக்கு வந்து சில வருடங்களாகியும் அத்தான் தெருமுனையைத் தாண்டியதில்லை. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி அங்கே போய், வியர்த்துக் களைத்துத் திரும்பி வருவார். அவருடைய ஆசை பெரியதில்லை. அக்காவைப் பக்கத்தில் இருத்தி, பிளாக்வால் சுரங்கத்தால் ஆற்றைக் கடந்து, லூயிஷாம் கோயிலுக்குப் போய் காருக்கு ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும். சுரங்கத்துக்குள் அந்த எஞ்சின் எப்படிக் கேட்கும் என்று வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார். அதற்குக் கார் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்ப வேண்டும், குழியில் விழுந்தால் தூக்கிப் போடாமல் இருக்க வேண்டும். அதனால் முன்பக்கம் முழுவதையும் மாற்றுவது என்று முடிவு செய்தோம். இறுக்கமான புதிய ஸ்டியரிங் பெட்டி, அதற்குப் பவர் பம்ப், புதிய ஸ்பிரிங், ஷொக் அப்சோபர், ரப்பர் புஷ், எல்லாம். குரோய்டனில் வான் வண்டிகள் திருத்தும் கராஜில் இருபது வருடமாக நான் செய்கிற வேலைதான். சனிக்கிழமைகளில் வந்து செய்து தருவதாகச் சொன்னேன்.

சாமான்களை அத்தானே அமெரிக்காவிலிருந்து ஓடர் பண்ணினார். சாமான் பெட்டி வந்து சேர்ந்தது ஆடி பிறந்த இரண்டாம் நாள்.

"ஆடியிலை ஒரு புது வேலையும் தொடங்கக் கூடாது," என்றார் அக்கா. "சாமி அறையிலை வையுங்கோ. ஆவணி பிறக்கட்டும்."

எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் தினசரி நாலு வான்களைக் கழற்றிப் பூட்டுகிறவன் நான். அப்படிப்பட்ட நானே அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முருகன் படத்துக்குக் கீழே வைத்தேன். இடுப்பு விட்டுப்போகிற பாரம். அக்கா அதன் நெற்றியில் குங்குமம் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் சாமிக்குக் காட்டிய கற்பூரம் அதற்கும் கிடைத்தது. அத்தான் வந்து வந்து பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். மூடியில் ஒட்டியிருந்த டேப்பை ஒரு கத்தியால் கிழித்து உள்ளே எட்டிப் பார்க்க மூன்று பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆவணி முதல் ஞாயிறு, நல்ல நேரத்தில், அத்தான் முழுகி விபூதி பூசிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கார் அமெரிக்கக் கார், ஸ்டியரிங் இடப் பக்கம். உள்ளே வந்திருந்தது வலப் பக்க ஸ்டியரிங்குக்கானது. இலண்டன் விலாசத்தைப் பார்த்து விற்றவர்கள் தாங்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். பிழையென்றால் திருப்பி அனுப்புவதற்குத் தந்திருந்த நாட்கள் சாமி அறையிலேயே கழிந்துபோயிருந்தன.

நான் சத்தம் போடுவதற்கு வாயைத் திறந்தேன். அத்தான் எனக்கு முதல் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"சாமியும் ஒரு மாதமா பாத்துக்கொண்டிருந்தவர்தானே. ஸ்டியரிங் எந்தப் பக்கம் எண்டு அவருக்கும் தெரியேல்லை!"

கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்போதுதான் முழங்காலில் கிடந்த அவருடைய வலது கையைப் பார்த்தேன். அவர் சிரிப்பை நிறுத்திய பிறகும் பெருவிரல், பக்கத்து விரலில் எதையோ உருட்டுவது போலத் தானாக அசைந்துகொண்டிருந்தது. நான் பார்த்ததை அக்கா பார்த்தார். உடனே தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டார்.

புரட்டாசியில் டாக்டர் அந்த நடுக்கத்துக்குப் பெயர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். கார் ஓட்டலாமா என்றுதான் அத்தான் முதலில் கேட்டாராம். இப்போதைக்கு ஓட்டலாம், லைசென்ஸ்காரருக்கு அறிவிக்க வேண்டும், வருடா வருடம் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார். அத்தான் அன்றே அறிவித்தார். ஒரு வருடத்துக்கு அனுமதி தந்தார்கள். அதை எனக்கு ஃபோனில் வாசித்துக் காட்டியபோது பரீட்சை பாஸ் பண்ணியவர் போல இருந்தார்.

ஐப்பசியில் சரியான பெட்டி வந்தது. இந்த முறை கதவடியிலேயே திறந்து பார்த்தோம். நான் காரின் முன்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி, ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பழையது எல்லாவற்றையும் கழற்றினேன். இன்னும் மூன்று சனிக்கிழமை போதும் என்று கணக்குப் போட்டேன். அன்று மத்தியானம் கை கழுவக் குசினிக்குப் போனபோது அக்கா கதவைச் சாத்தினார்.

"தம்பி, அதை முடிக்காதை."

"என்னக்கா கதைக்கிறியள்?"

"இப்ப பாரமா இருக்கிறபடியாத்தான் தெருமுனையோடை திரும்பி வாறார். நீ லேசாக்கிக் குடுத்தால் எங்கை போய் நிப்பாட்டுவார்? அவற்றை கையை நீ பாத்தனிதானே."

"டாக்டர் ஓடலாம் எண்டுதானே சொன்னவர்."

"டாக்டரோ பக்கத்திலை இருந்து போகப்போறார்? நானெல்லோ."

"அப்ப அவரிட்டை நேரை சொல்லுங்கோ."

அந்த வீட்டில் கையைப் பற்றி யாரும் கதைப்பதில்லை என்றார் அக்கா. கோப்பை விழுந்தால் விழுந்ததாக எடுத்துவைப்பார்கள். சட்டைப் பொத்தானை அக்கா தானாகப் போய்ப் பூட்டிவிடுவார். "நான் வாய் திறந்து சொன்னால் உடைஞ்சு போவார், தம்பி. என்னாலை ஏலாது. நீ கொஞ்சம் மினக்கெடுத்து, இழுத்தடி. வேறை ஒண்டும் வேண்டாம்." ஆடி மாதம் எங்களை எவ்வளவு சுலபமாக மினக்கெடுத்தியது என்பதை அவர் கண்டிருந்தார்.

நான் மறுத்திருக்க வேண்டும். எனக்கு வாய் இல்லாமலில்லை. ஆனால் அக்கா அழவில்லை, கெஞ்சவில்லை, சின்க் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் எனக்கு எவ்வளவு வேண்டியவரோ அதைவிட அக்காவுக்கு வேண்டியவர். நான் சரி என்று சொன்னதோடு நிற்கவில்லை. வழியையும் நானே கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஸ்டியரிங் தண்டையும் புதிய பெட்டியையும் இணைப்பதற்கு உள்ளங்கையளவில் ஒரு கப்ளிங் உண்டு. அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. அதைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அரிசி வாளிக்குள் கையை முழங்கை வரை விட்டு அடியில் தாட்டுவைத்தார். அத்தான் அரிசி வாளியைத் திறக்கிற ஆள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அத்தானிடம், கப்ளிங் பெட்டிக்குள் இல்லை, விட்டுப்போட்டார்கள், ஓடர் பண்ணியிருக்கிறேன் என்றேன். பிறகு அது சுங்கத்தில் நிற்கிறது என்றேன். பிறகு வந்ததாகவும் அளவு பிழையென்றும் சொன்னேன். ஒரு பொய்க்கு இத்தனை பேரப்பிள்ளைகள் பிறக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. போன கிழமை எதைச் சொன்னேன் என்பதை ரயிலில் வரும்போதே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அதற்கிடையில் மற்ற வேலைகளை இழுத்து இழுத்துச் செய்தேன். ஸ்பிரிங் பூட்டினேன். கை போல நீண்டிருக்கும் இரும்புகளுக்குப் புஷ் அடித்தேன். நன்றாக இருந்த ஒரு நட்டைக் கழற்றித் திரும்பவும் பூட்டினேன். அத்தான் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கம்பளித் தொப்பியும் காலுறையும் சிலிப்பருமாகப் பக்கத்தில் இருப்பார். நான் அடியில் படுத்திருக்கும்போது டோர்ச் அடிப்பது அவருடைய வேலை. வெளிச்சம் ஒரு இடத்தில் நிற்காது, நட்டைச் சுற்றி ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கமாட்டோம். கடையில் ஒரு லைட் வாங்கித் தொங்கவிட்டிருக்கலாம். நான் வாங்கவில்லை. அந்த ஒரு வேலையையும் அவரிடமிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு மூச்சு முட்டிக்கொண்டே இருந்தது. மேலே ஒன்றரைத் தொன் இரும்பு, ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் அத்தானின் கால்கள். அங்காலே குசினி யன்னலில் அக்காவின் முகம். அத்தானை ஏமாற்றிவிட்டு ஒளிவதற்கு எனக்குக் கிடைத்த ஒரே இடம் அவருடைய காரின் அடிதான். அங்கேயும் வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். போகாமல் விட்டால் அவர் வேறு மெக்கானிக்கைக் கூப்பிடுவார், அது அக்காவைக் கைவிட்டதாகும். முடித்துக் கொடுத்தாலும் அக்காவைக் கைவிட்டதாகும். முடிக்காமல் இருந்தாலோ, குரோய்டன் வரிசையில் என்னோடு நின்ற மனிதரின் முகத்தில் காறித் துப்புவதாகும். வெள்ளிக்கிழமை பின்னேரமே வீட்டுக்குள் மேலும் கீழுமாக நடக்கத் தொடங்குவேன். என் மனைவி, "சும்மா ஒரு நாளைக்கு வீட்டிலை நிண்டால் என்ன?" என்பார். நிற்க முடிந்தால் நின்றிருக்கமாட்டேனா?

மாசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு கிழமை படுக்கையில் கிடந்தார். அந்தச் சனிக்கிழமை அத்தானே கஞ்சி வைத்து, எனக்கும் ஒரு கோப்பையைக் கராஜுக்குக் கொண்டுவந்தார். வருகிற வழியில் பாதி தட்டில் சிந்தியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, நான் கை துடைத்துவிட்டு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்ளிங் வந்திட்டுதோ, தம்பி?"

"இல்லை அத்தான். அடுத்த கிழமை பாப்பம்."

"ம்."

வழமையை விடக் கொஞ்சம் கூடுதலாக என் முகத்தைப் பார்த்தார் என்று அப்போதே எனக்குப் பட்டது. பிறகு, "குடி, கஞ்சி ஆறப்போகுது," என்றார். தேங்காய்ப்பால் விட்ட நல்ல கஞ்சி. உப்புத்தான் கொஞ்சம் கூடியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் கப்ளிங்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. பங்குனி போனது, சித்திரை வருடப் பிறப்பும் போனது. எங்கள் திட்டம் வென்றுவிட்டதாக அக்காவும் நானும் நினைத்தோம். நான் அடுத்த பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு போவேன், அவர் கேட்கமாட்டார், நான் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவருவேன். வைகாசியில் ஒரு சனிக்கிழமை நான் போனபோது கராஜுக்குள் ஸ்டூல் இல்லை. அத்தான் முன்னறையில் டிவிக்கு முன்னால் இருந்தார். "நீ செய், தம்பி. எனக்குக் கொஞ்சம் அலுப்பு," என்றார். அன்று டிவியில் ஓடியது ஏதோ சமையல் நிகழ்ச்சி. ஒரு வெங்காயத்தை எப்படி வெட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் காரின் அடியில் போய்ப் படுத்தேன். வெளிச்சம் பிடிக்க ஆளில்லை. டோர்ச்சை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தேன். வெளிச்சம் அசையாமல் நட்டில் நின்றது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய், எண்ணெய்க் கையைக்கூடக் கழுவாமல் அரிசி வாளிக்குள் விட்டேன்.

"என்ன செய்யிறாய்?" என்றார் அக்கா.

"முடிக்கப்போறன்."

"தம்பி..."

"நீங்களும் நானும் சேர்ந்து அந்த மனிசனை டிவிக்கு முன்னாலை கொண்டுபோய் இருத்திப்போட்டம் அக்கா. இதுக்கு அவர் கார் ஓடி ஏதும் நடந்திருந்தாலே பரவாயில்லை." சொல்லக்கூடாத சொல். என் கோபம் எப்போதும் அப்படித்தான், அளவு தெரியாது. அக்கா கப்ளிங்கை என் கையிலிருந்து வாங்கி, அதில் ஒட்டியிருந்த அரிசியைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்தார். அவரும் களைத்துப்போயிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏழு மாதம் இழுத்த வேலை இரண்டு சனிக்கிழமையில் முடிந்தது. இழுவை லொறியில் ஏற்றி, நான் வேலை செய்கிற கராஜுக்குக் கொண்டுபோய் அலைன்மென்டும் பார்த்தேன். குரோய்டனிலிருந்து ஃபாரஸ்ட் கேட்டுக்கு நானே ஓட்டி வந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணித்தியாலம் நான் எல்லாவற்றையும் மறந்துபோனேன். ஒரு விரலால் திருப்பலாம். பிளே என்பது மருந்துக்கும் இல்லை. நினைத்த கணமே மூக்கு திரும்பியது, குழிகளில் கார் ஒரு முறை குனிந்து நிமிர்ந்து பேசாமல் போனது. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடிகளைத் திறந்து ஒரு மிதி மிதித்தேன். அத்தான் வாயால் போட்டுக் காட்டிய அதே சத்தம். அதை முதலில் கேட்டவன் நானாகிவிட்டேனே என்று சுரங்கத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை. அத்தான் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக வந்தார். அக்கா நாலு தேசிக்காயைக் கொண்டுவந்து நாலு சில்லுக்கும் முன்னால் வைத்தார். கற்பூரம் காட்டினார். முதலில் ஒழுங்கைக்குள் ஒரு முறை ஓடிப் பார்க்கட்டும், பிறகு கோயிலுக்கு அக்காவை ஏற்றலாம் என்று பேச்சு. நான் வலப் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அத்தான் வயிற்றை எக்காமலே ஏறினார். அவர் அவ்வளவு மெலிந்திருந்தார்.

எஞ்சின் பிடித்தது. தேசிக்காய்கள் நசுங்கின. கார் கராஜை விட்டு வெளியே வந்து ஒழுங்கைக்குள் திரும்பியது. அவர் ஒரு கையால் திருப்பினார், திருப்பிவிட்டு ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். நானும் சிரித்தேன். ஒரு பக்கம் கராஜ் கதவுகள், மறு பக்கம் வீட்டுச் சுவர்களும் குப்பைத் தொட்டிகளும். நேரான ஒழுங்கை. மெல்லப் போனோம்.

நாலைந்து வீடு தாண்டியதும் காரின் மூக்கு நடுங்கத் தொடங்கியது. இடம், வலம், இடம், வலம், சின்னச் சின்னதாக. என் புத்தி முதலில் காருக்குத்தான் போனது. எந்த நட்டை இறுக்காமல் விட்டேன்? டயருக்குக் காற்றுப் போதாதா? மனதுக்குள் ஒவ்வொரு மூட்டாகப் போய்த் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் ஸ்டியரிங்கில் இருந்த அவருடைய வலது கையைப் பார்த்தேன்.

பழைய ஸ்டியரிங்கில் இருந்த மூன்று விரல் பிளே இந்த நடுக்கத்தை முழுவதுமாக விழுங்கிக்கொண்டிருந்தது. போதாததற்கு அதன் பாரமும் கையை அமத்தி வைத்திருந்தது. நான் போட்டது ஒன்றையும் விழுங்காத, கொடுத்ததை அப்படியே சில்லுக்குக் கொண்டுபோகிற ஸ்டியரிங். ஒரு குப்பைத் தொட்டி என் பக்கக் கண்ணாடியில் உரசி விழுந்தது. அத்தான் பிரேக்கை மிதித்தார். ஒழுங்கையின் நடுவில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

"திறம் வேலை, தம்பி. ஒரு பிழை சொல்ல ஏலாது."

"அலைன்மென்டை இன்னொருக்கால் பாக்கோணும் போலை..."

"அலைன்மென்ட் இல்லையடா. கை."

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தேன். இறங்கி ஓடலாம் என்றால், என் பக்கக் கதவைச் சுவர் அடைத்துக்கொண்டிருந்தது.

"போன ஐப்பசியிலை இவ்வளவு இல்லை," என்றார் அத்தான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. ஒரு பொருளின் நீளத்தைச் சொல்வது போலச் சொன்னார். "அப்ப ஏலுமாயிருந்திருக்கும். லூயிஷாம் மட்டும் ஆறுதலாப் போய் வந்திருப்பன்."

"அத்தான், அந்தக் கப்ளிங்..."

"உன்ரை அக்காவுக்குக் காய்ச்சல் வந்த கிழமை, கஞ்சிக்கு அரிசி அள்ளினது ஆர் எண்டு நினைச்சாய்?"

அத்தான் இடது கையால் அள்ளிக் காட்டினார்.

"பையோடை கையிலை வந்தது. பாத்திட்டு, இருந்த மாதிரியே திருப்பித் தாட்டுவைச்சிட்டன்."

"ஏன் அத்தான் என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டனான்தானே. கஞ்சி கொண்டுவந்து தந்திட்டு." நடுங்கிய கையை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். "பிறகு, நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒவ்வொரு சனிக்கிழமையும்."

பின்னால் அக்கா ஒழுங்கை வழியே வேகமாக நடந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது. அத்தான் தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கினார். "நீ எடுத்துக்கொண்டு வா," என்று சொல்லிவிட்டு, விழுந்த குப்பைத் தொட்டியை நிமிர்த்தி வைத்தார். நான் இருக்கையோடு இருக்கையாக நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் வந்தேன். அவர் அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைத்தான் பிடித்தார், நடு ஒழுங்கையில் வைத்து. இருவரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெல்ல வீட்டை நோக்கி நடந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் காரை ரிவேர்சில் எடுத்தேன். ஒரு விரலால் திருப்பப் போதுமாக இருந்தது.

அந்தக் கிழமையே அத்தான் தன் லைசென்ஸைக் கடித உறையில் போட்டுத் தானாகவே அனுப்பிவிட்டார். யாரும் சொல்லவில்லை.

கார் இன்னும் அந்தக் கராஜில்தான் நிற்கிறது. அதில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் நான் சனிக்கிழமைகளில் போகிறேன். ஸ்டாண்ட் இல்லாமல் நாலு சில்லிலும் நிற்கிற காரைச் சுற்றி வந்து, பொனட்டைத் திறந்து எண்ணெய் பார்த்து, எஞ்சினைப் பிடிக்கவைத்துப் பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். ஸ்டூல் திரும்ப வந்துவிட்டது. அத்தான் அதில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஏழு மாதமாக நாங்கள் செய்ததை அன்றைக்குப் பிறகு அவர் ஒருநாளும் பேச்சில் எடுத்ததில்லை. அக்காவிடமும் சொல்லிக்காட்டவில்லை, என்னிடமும் இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் போகும்போது நான் கேட்பேன்.

"அத்தான், நான் ஓடுறன். நீங்களும் அக்காவும் ஏறுங்கோ. ஒருக்கால் லூயிஷாமுக்குப் போட்டு வருவம்."

அவர் எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கை காட்டுவார்.

"அடுத்த கிழமை பாப்பம், தம்பி."

நான் அவருடைய முகத்தைப் பார்ப்பேன். ஏளனமாவது கோபமாவது இருக்கிறதா என்று தேடுவேன். ஒன்றும் இருக்காது. மெய்யாகவே அடுத்த கிழமை பார்க்கலாம் என்று நினைப்பவரின் முகம்தான் இருக்கும்.